சரவிளக்கைத் திறந்து காட்டிய வாரம்

ஜனவரி 3, வெள்ளி

செருப்பை வெளியே விட வேண்டும். கதவை அறையக் கூடாது. லிஃப்ட் ஓடக் கூடாது. சத்தமாகத் தும்மினாலும் இமெல்டா முறைக்கிறாள். கீழ்த்தள ஆய்வகம் புத்தாண்டு முதல் நோன்பில் இருக்கிறது. அவள் இதைத் தவக்காலம் என்கிறாள். தூத்துக்குடிக் கடற்கரைக்காரி, நாற்பது நாள் என்றால் அவளுக்கு அதுதான் நினைவு வரும்.

எங்கள் அரசும் வடக்கே ஒரு குளிர் நாட்டு அரசும் குவாண்டம் கணினிக்காகக் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. அந்த நாட்டின் பெயரைச் சொந்தக் குறிப்பில்கூட எழுதக் கூடாது என்று பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். எழுதவில்லை. ஒரே தகட்டில் வெட்டிய இரண்டு சில்லுகள். ஒன்று அங்கே, ஒன்று சென்னையில். இரண்டையும் ஒரே நாளில் குளிரவைத்து, நாற்பது நாள் இடைவிடாமல் அளந்து, ஒப்பிட வேண்டும். நடுவில் ஒருமுறை சூடேறினால் சில்லின் குணமே மாறிவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

சில்லை உள்ளே வைத்திருக்கும் இயந்திரத்துக்குப் பெயர் ஃப்ரிட்ஜ். தயிர் வைக்கிற ஃப்ரிட்ஜ் இல்லை. இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கும் வெள்ளை உருளை, ஆள் உயரம். உள்ளே விண்வெளியைவிடக் குளிர். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இந்தக் கட்டடத்தில் இரண்டே பேர். இமெல்டா, நான்.

பிப்ரவரி ஒன்பதில் அளவீடு முடியும். முடிந்தால் அவளுக்கு ஆய்வேடு. அதோடு, அளவீட்டை முடித்தவர் இரண்டு வருடம் அந்த நாட்டு ஆய்வகத்துக்குப் போகலாம். ஒரே ஓர் இடம். முடியாவிட்டால் பிப்ரவரியோடு உதவித்தொகை நிற்கும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆறு வருட உழைப்பு.

“ஏல வேம்பு, மெதுவா மூச்சு விடுல” என்றாள் இன்று.

“மூச்ச வேணா நிறுத்திக்கவா?”

“ஒம்பதாம் தேதி வரைக்கும் நிறுத்திக்கோ. அப்புறம் நானே ஊதி விடுதேன்.”

ஜனவரி 9, வியாழன்

புளியந்தோப்பில் எங்கள் தெருவுக்கு மூன்று நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. அம்மா குடத்தோடு நின்று கவுன்சிலர் வீட்டு வாசலில் சண்டை போட்டிருக்கிறாள். இங்கே எங்கள் இயந்திரத்துக்குக் குளிர்ந்த நீர் குழாயில் வந்துகொண்டே இருக்கிறது. அது நின்றால் துணைவேந்தர்வரை போன் போகும்.

அம்மாவிடம் வேலையை விளக்கப் பார்த்தேன். “இன்னாடா, ஐஸ் பெட்டிக்கா இத்தினி வருசம் படிச்சே?” என்றாள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இமெல்டாவும் நானும் மாறி மாறி அழுத்தமானியைப் பார்த்தோம். மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல் என்ற பெயரில் பசை ஊற்றினார்கள்.

ஜனவரி 20, திங்கள்

முன்னோடிக் குழு வந்தது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி இரண்டு நாட்டு அமைச்சர்களும் இங்கே வந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள். அவர்கள் எங்கே நிற்பார்கள், எங்கே சிரிப்பார்கள் என்று பார்த்துவைக்க டெல்லியிலிருந்து பன்சால் என்று ஓர் அதிகாரி. அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு பெண். எங்கள் பேராசிரியர் ஆவுடையப்பன் சார் புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்பு கலையாமல்.

பன்சால் உருளையைச் சுற்றி வந்தார். “இவ்வளவுதானா? என் வீட்டுக் குளியலறையில் இதைவிடப் பெரிய ஹீட்டர் இருக்கிறது.” தூதரகப் பெண் ஒரு படம் எடுத்தாள், பார்த்தாள், எங்கள் முன்னாலேயே அழித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. இவர்களுக்கு எதைக் காட்டினாலும் மினுக்க வேண்டும். “வெளியே பார்த்துச் சொல்லாதீர்கள் சார். உள்ளே அடுக்கடுக்காகச் செம்புத் தட்டுகள், அத்தனையும் தங்க முலாம். திறந்தால் கல்யாண மண்டபத்துச் சரவிளக்கு மாதிரி இருக்கும்” என்றேன்.

பன்சால் திரும்பினார். “திறக்க முடியுமா?”

“எதைத்தான் திறக்க முடியாது?”

இமெல்டா என் காலை மிதித்தாள். வெறும் கால் என்பதால் வலிக்கவில்லை.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.

ஜனவரி 22, புதன்

டெல்லியிலிருந்து மின்னஞ்சல். அமைச்சர்கள் வரும்போது இயந்திரம் திறந்திருக்க வேண்டும், தங்கம் தெரிய வேண்டும்.

திறக்க வேண்டுமென்றால் சூடேற்ற வேண்டும். சூடேற்றினால் எல்லாம் முடிந்தது. அதுவரை அளந்திருக்கும் முப்பத்து மூன்று நாளும் குப்பை. இது தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று இமெல்டா நினைத்தாள். சாரிடம் போனோம்.

“சார், இன்னும் ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்க சார். ஒம்பதாம் தேதி முடிஞ்சதும் நானே திறந்து தொடச்சு வச்சிருதேன்.”

“மந்திரிய வரச் சொல்லணும். நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?” சார் திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால்தான் ஊர்ப்பேச்சு வரும். “ஏம்மா, ரெண்டு கவர்மெண்டு சேந்து நடத்துத விசயம். வெள்ள டப்பாவக் காட்டிக் காப்பி குடுத்து அனுப்பவா?”

“அந்த ரெண்டு கவர்மெண்டும் கேட்டதுதான் சார் இந்த அளவீடு.”

“கேட்டது விஞ்ஞானி. வாரது மந்திரி.”

இதைவிடத் துல்லியமாக இந்த நாட்டை யாரும் விளக்கியதில்லை.

அப்போது இமெல்டா ஒரு யோசனை சொன்னாள். கிடங்கில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று செத்துக் கிடக்கிறது. அதன் தட்டுகளைக் கழற்றி, பாலிஷ் போட்டு, பக்கத்து அறையில் தொங்கவிட்டால் என்ன? படத்தில் எல்லாம் ஒன்றுதான். சார் யோசித்தார். அவருக்கும் அளவீட்டின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. “வேம்புலி, நாளன்னைக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. தேறும்னா அதையே தொங்கவிடுவோம்” என்றார்.

வெளியே வந்ததும் இமெல்டா மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். “மாதாவே, செத்த ஃப்ரிட்ஜு காப்பாத்திருச்சு.”

ஜனவரி 24, வெள்ளி

சாலிகிராமம் பாஸ்போர்ட் அலுவலகம். தட்கலில் எடுத்த நேரம் என்பதால் தள்ளிப்போட முடியாது. காலையில் போனவன் வெளியே வர மூன்றாகிவிட்டது. எனக்கு முன்னால் நின்ற பெரியவரை, கைரேகை தேய்ந்துவிட்டது என்று மூன்று முறை அழுத்தச் சொன்னார்கள். கல் உடைத்த கை. இந்த அரசாங்கத்துக்குத் தேயாத விரல்தான் வேண்டும். எழுதினால் பக்கம் போதாது.

பாஸ்போர்ட் எல்லோரிடமும் இருக்க வேண்டிய ஒன்று. அவசரத்துக்கு ஆகும்.

மாலையில் சாரைப் பார்த்தேன். “கிடங்குல பாத்தியா?” என்றார். “பச்சை பூத்துக் கிடக்கு சார். கீழ்த் தட்டு ரெண்டும் இல்ல. தேறாது” என்றேன்.

அத்தனை வருடம் ஈரத்தில் கிடந்த செம்பு எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா?

ஜனவரி 29, புதன்

இமெல்டா சூடேற்ற மாட்டேன் என்று சாரிடம் சொல்லிவிட்டாள். பிறகு என்னைத் தேநீர்க் கடைக்கு இழுத்துப் போனாள்.

“நீயும் மாட்டேன்னு சொல்லிரு வேம்பு. நம்ம ரெண்டு பேரையும் விட்டா அதத் தொட ஆளு கெடையாது.”

“கம்பெனிக்காரன கூப்புடுவாரு.”

“அவன் விசா வாங்கி வாரதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிரும்.”

“அப்போ உனக்கு லாபந்தானே.”

“ஏல, விளையாடாத.” டம்ளரைக் கீழே வைத்தாள். “எங்கண்ணன் போன் பண்ணுதான். மார்ச்சுக்குள்ள வேல, இல்லன்னா மாப்பிள்ளங்கான். உப்பளத்து சூப்பர்வைசராம். எனக்கு வேற வழியில்ல. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லு. நீதான் யாருக்கும் பயப்பட மாட்டியே, எல்லாரையும் மூஞ்சிக்கு நேரா கேப்பியே.”

“பாக்கலாம்” என்றேன்.

எல்லோரும் என்னிடமே ஏன் வருகிறார்கள்? ஒரு தனி ஆள் மாட்டேன் என்றால் இரண்டு அரசுகள் நின்றுவிடுமா? இது அமைப்பின் கோளாறு. அமைப்பைத் திட்டாமல், அமைப்பில் கடைசிப் படியில் நிற்கிறவனிடம் வீரம் கேட்பது நம் ஊர் வழக்கம். அவளுக்காவது கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் இருக்கிறான். எனக்குப் பின்னால் இருப்பது காலிக் குடங்கள்.

பிப்ரவரி 1, சனி

சார் கூப்பிட்டார். மந்திரிகளுக்கு விளக்கம் சொல்லும் ஆள் நான்தான் என்றார். “உனக்கு பாஸ்போர்ட் இருக்கா?” என்று கேட்டார். விண்ணப்பித்திருக்கிறேன் என்றேன். “பரவால்லய, முன்யோசனைக்காரன்தான் நீ” என்று சிரித்தார்.

அம்மாவின் பல் பிடுங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வரிசையில் நின்றது அரை நாள்.

பிப்ரவரி 3, திங்கள்

போய்ச் சேர்ந்தபோது இமெல்டா உள்ளே இருந்தாள். சனிக்கிழமையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது. தலை வாரவில்லை. திரையில் அளவீட்டுக் கோடு அழகாக, அலையலையாக ஓடிக்கொண்டிருந்தது.

“நீ பண்ணப் போறியா?” என்றாள்.

“ஆர்டர் வந்திருக்கு.”

“ஆர்டர் எனக்கும்தான் வந்துச்சு.”

அவள் எழுந்து எனக்கு நாற்காலியை விட்டாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். கடைசிவரை அளந்ததைப் பத்திரமாகச் சேமித்தாள். பிறகு, “ஹீலியக் கலவைய முழுசா உறிஞ்சி டாங்குல அடச்சப்புறம் ஹீட்டரப் போடு. ரெண்டு நாள் முழுசா சூடேறவிடு. அவசரப்பட்டு வெளிக்காத்த விட்டுராத. அவங்க போனப்புறம் நான் மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும்” என்றாள்.

மறுபடி முதலிலிருந்து. உதவித்தொகை முடிய இருபத்தைந்து நாள் இருக்கிறது, அவளுக்கு வேண்டியது நாற்பது. கணக்குத் தெரியாதவளா? மனம்தான் கணக்குப் பார்ப்பதில்லை.

ஹீட்டரைப் போட்டேன். கோடு எகிறித் திரைக்கு வெளியே போய்விட்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் மாலை வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அவர் வரும்போது ஆள் இல்லையென்றால் கதை முடிந்தது. அதனால் மதியமே உருளையைக் கழற்றினேன். உள்ளே இன்னும் கொஞ்சம் குளிர் இருந்தது. சென்னைக் காற்று பட்டதும் தட்டுகளெல்லாம் வேர்த்துவிட்டன, சோடா பாட்டில் மாதிரி. குழாய் வாயிலும் ஈரம். மெல்லிய துணியால் துடைத்தேன். துடைத்ததில் பளபளப்பு கூடியது.

சரவிளக்குதான். பொய்யில்லை.

போலீஸ்காரர் வந்தார், டீ குடித்தார், “ஃபாரின் போய் எங்கள மறந்துடாதே தம்பி” என்று சொல்லிவிட்டுக் கை நீட்டினார். லஞ்சத்தைப் பற்றி இன்று எழுத மனமில்லை.

பிப்ரவரி 5, புதன்

வந்தார்கள். போனார்கள். உள்ளே இருந்த நேரத்தில் ஒரு காபி ஆறியிருக்காது.

தூசு வரக் கூடாது என்று செருப்பில்லாமல் நடந்த அறையில் பூட்ஸுகள், பட்டுப் புடவைகள், பத்துக் கேமரா. நெறிமுறைப்படி குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று யாரோ சொல்ல, திறந்த இயந்திரத்துக்கு முன்னாலேயே எண்ணெயும் திரியும் வந்தன. புகை தங்கத் தட்டில் போய் மோதியது.

நம் அமைச்சர், “அசல் தங்கமா?” என்றார். ஆமாம் என்றேன். “எத்தனை பவுன் தேறும்?” எல்லோரும் சிரித்தார்கள். அந்த நாட்டு அமைச்சருக்கு மொழிபெயர்த்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சரவிளக்குக்கு இரண்டு பக்கமும் நின்று கை குலுக்கினார்கள். ஒத்துழைப்பு முடிந்தது.

இமெல்டாவை வரவேண்டாம் என்றுதான் சார் நினைத்திருந்தார். பொன்னாடைத் தட்டு ஏந்தப் பெண் யாரும் இல்லை என்று கடைசி நிமிடத்தில் கூப்பிட்டார். பட்டுச் சேலையில் தட்டோடு நின்றாள். அந்த நாட்டு அமைச்சர் நல்ல மனிதர், சால்வையை வாங்கிக்கொண்டு, “நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் சார் சொன்னார்: “உதவி செய்கிறாள்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த நாட்டில் பெண்ணுக்குக் கொடுக்கும் இடம் இதுதான். நான் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 8, சனி

மறுபடி குளிரவைக்கப் பார்த்தோம். வெப்பநிலை இறங்கவில்லை. உள்ளே மயிரிழைக் குழாய் அடைத்துக்கொண்டது. எங்கோ ஈரம் புகுந்து பனியாகிவிட்டது. சரிசெய்ய அந்த நாட்டிலிருந்து பாகம் வர வேண்டும். அதற்கு ஏற்றுமதி அனுமதி வேண்டும். ஒத்துழைக்கும் நாடுதான், ஆனால் திருகாணிக்கும் அனுமதி கேட்க வேண்டும். ஆறு மாதம் என்கிறார்கள்.

“ரெண்டு நாள் முழுசா சூடேறவிட்டேல்ல?” என்றாள் இமெல்டா.

“விட்டேன்.”

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றுதான் நாற்பதாவது நாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

சார் அறிக்கை எழுதிவிட்டார். மூன்றாம் தேதி இயந்திரம் தானாகப் பழுதானது. பழுது பார்க்கத் திறந்திருந்தபோது அமைச்சர்கள் வருகை அமைந்தது. அமைந்தது என்ற சொல்லைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. வேறு எப்படி எழுதுவார்? படம் எடுக்க அளவீட்டைக் கொன்றோம் என்று இரண்டு அரசுகளுக்கும் எழுத முடியுமா?

அந்த ஓர் இடத்துக்கு என் பெயரை அனுப்பியிருக்கிறார். அளவீட்டை முடித்தவர் யாரும் இல்லையாம், அதனால் விளக்கம் சொன்னவர். நான் கேட்கவில்லை. அவராகக் கொடுத்தார். மறுத்தால் வேறு எவனோ போவான், அவன் அப்பன் பேராசிரியராக இருப்பான்.

மார்ச் 6, வியாழன்

விசா ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அரசுகள் நினைத்தால் முடியாதது இல்லை. பாரிமுனையில் ஜெர்க்கின் வாங்கினேன். அம்மா போட்டுப் பார்த்து வேர்த்துக் கழற்றினாள்.

மார்ச் 13, வியாழன்

இமெல்டா நீட்டிப்புக்கு மனு போட்டிருக்கிறாள். விதி இதுதான்: மேலிட உத்தரவால் ஆய்வு நின்றிருந்தால் ஒரு வருடம் நீட்டிப்பு உண்டு. ஆய்வாளர் கையில் இருந்த இயந்திரம் பழுதாகி நின்றிருந்தால் கிடையாது. உத்தரவு கடிதமாக அவளுக்கு வரவில்லை, சார் வாயால் சொன்னதுதான். டெல்லி மின்னஞ்சல் சாருக்கு மட்டும். சாட்சி என்று அவள் என் பெயரைக் கொடுத்திருந்தாள்.

மனுவை விசாரித்த குழுவில் பெங்களூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானிதான் கேட்டார். “இயந்திரம் பழுதானதா?”

“ஆமாம் சார்.”

“மறுபடி ஓட்ட முடியவில்லையா?”

“முடியவில்லை சார்.”

பேனாவை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். “அந்தப் பெண்ணைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?”

ஆவுடையப்பன் சார் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நன்றாக உழைப்பாள் சார்” என்றேன்.

கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை.

வெளியே பெஞ்சில் அவள் காத்திருந்தாள். “என்ன சொன்னே?”

“உள்ளதச் சொன்னேன்.”

என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எல்லாரும் சொன்னாங்க, அவன் ஃபாரின் போறான், சொல்ல மாட்டான்னு. எனக்குத் தெரியும்ல உன்னப் பத்தி” என்றாள்.

மார்ச் 15, சனி

இன்று முழுக்க இமெல்டா எனக்குப் பாடம் நடத்தினாள். நாளை எனக்கு விமானம். திங்கட்கிழமை அங்கே முதல் கூட்டத்தில் முப்பத்து மூன்று நாள் அளவீட்டைக் காட்ட வேண்டும். கோடு எங்கே இறங்குகிறது, ஏன் இறங்குகிறது, எந்தக் கேள்வி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தான் எழுதிய நிரல்களை எல்லாம் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

“தப்பாச் சொல்லி மானத்த வாங்கிராத. நீட்டிப்பு கெடச்சா நானும் அடுத்த வருசம் அங்க வந்து நிக்கணும்லா.”

அண்ணனிடம் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். குழுவின் கடிதம் திங்கட்கிழமை வரும். “வந்ததும் மொதப் போன் உனக்குத்தான்” என்றாள்.

இவ்வளவு படித்தும் மனிதர்களை இப்படி நம்புகிறவர்களை வைத்துக்கொண்டு இந்த நாடு எப்படி உருப்படும்?

மார்ச் 17, திங்கள்

வெளியே பனி. உள்ளே செருப்போடுதான் நடக்கிறார்கள். ஜெர்க்கின் போதவில்லை.

கூட்டம் நல்லபடியாகப் போனது. இந்த ஆய்வகத்தின் மூத்த விஞ்ஞானி ஒரு வயதான பெண்மணி. அளவீட்டுக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது. இன்னும் ஒரே வாரம் ஓடியிருந்தால் போதுமே. ஏன் நிறுத்தினீர்கள்?”

“பழுதாகிவிட்டது.”

“பாவம். யார் எடுத்தது இதை?”

“நாங்கள்” என்றேன்.

அப்போது மேசைமேல் என் போன் அதிர்ந்தது. இமெல்டா. நின்றது. மறுபடி அதிர்ந்தது. “எடுங்கள், அவசரமாக இருக்கலாம்” என்றார் அந்தப் பெண்மணி. பரவாயில்லை, விளம்பர அழைப்பு என்று சொல்லிப் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, அடுத்த படத்தைப் போட்டேன்.